கன்ட்ரோலர் சொன்னாலும் பந்து விழாது

வாசகர் கேள்விகள் – பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏஐ ஏஜென்டுகள் பற்றியவை. ஒரு வேலையைச் சொன்னால் தானே யோசித்து, தானே நாலு இடத்தில் தேடி, தானே செய்து முடிக்கும் மென்பொருளைத்தான் ஏஜென்ட் என்கிறோம். இப்போது அவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, அலுவலகம் மாதிரியே நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். அடுக்கு என்று வந்துவிட்டால் அதிகாரமும் வரும், தகராறும் வரும். ஆகவே இந்த இதழ் முழுக்க அதுதான். சமையலறை மிக்ஸி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

கேள்வி: பம்ப்செட் உதிரிபாகம் விற்கும் எங்கள் கடையில் ஐந்து ஏஜென்டுகளை வைத்திருக்கிறோம். ஒன்று மேலாளர் மாதிரி. மற்ற நாலுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும். மேலே இருப்பது சொல்வதைக் கீழே இருப்பவை கேட்டால் போதாதா? விதிகள் என்று தனியாக எதற்கு எழுத வேண்டும்? (கோவை வாசகர்)

போதாது. ஏன் என்பதை எங்கள் அப்பாவை வைத்துச் சொல்கிறேன்.

அப்பா தென் மாவட்டத்து மீட்டர் கேஜ் பாதை ஒன்றில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஒற்றைத் தண்டவாளம். அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு வண்டியை அனுப்ப வேண்டுமானால் அங்கே இருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் 'லைன் கிளியர்' கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் மணியடித்துப் பேசிக்கொண்ட பிறகுதான் அப்பாவின் மேசைப் பக்கத்தில் நிற்கும் இரும்புப் பெட்டியிலிருந்து ஓர் உலோகப் பந்து விழும். அதற்கு டோக்கன் என்று பெயர். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, பாயின்ட்ஸ்மேன் பிளாட்பாரத்தில் நின்று டிரைவரிடம் நீட்டுவார். பந்து கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். ஒரு பந்து வெளியே இருக்கும் வரை, இரண்டு ஸ்டேஷனில் எந்தப் பெட்டியைத் திருகினாலும் அடுத்த பந்து விழாது.

அப்பாவுக்கு மேலே கன்ட்ரோலர். கோட்டத் தலைமையகத்தில் உட்கார்ந்து போனிலேயே மொத்தப் பாதையையும் நடத்துபவர். எந்த வண்டி முதலில் போக வேண்டும், எது ஒதுங்கி நிற்க வேண்டும், கிராசிங் எந்த ஸ்டேஷனில் எல்லாம் அவர் முடிவு. அப்பா இதில் மறுபேச்சு பேசி நான் கேட்டதில்லை.

ஓர் ஐப்பசி மாதம், நல்ல மழை. எனக்குப் பத்து வயது இருக்கும். குவார்ட்டர்ஸில் கூரை ஒழுகியதால் ஸ்டேஷன் பெஞ்சில் படுத்திருந்தேன். அன்றைக்குப் பந்துப் பெட்டி வேலை செய்யவில்லை. அந்த மாதிரி நேரத்துக்கு வேறு முறை இருக்கிறது. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனில் லைன் கிளியர் கேட்க வேண்டும். அவர் 'சரி' என்று சொன்னால் மட்டும் செல்லாது. தன்னிடம் இருக்கும் எண் தாளிலிருந்து ஓர் இரண்டு இலக்க எண்ணையும் சொல்ல வேண்டும். அதை 'ப்ரைவேட் நம்பர்' என்பார்கள். சொன்னவர் தன் தாளில் அந்த எண்ணை அடித்துவிடுவார், கேட்டவர் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். பிறகு தாளில் ஒரு டிக்கெட் எழுதி டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அடுத்த ஸ்டேஷனில் போனை எடுக்க நேரமாகிக்கொண்டிருந்தது. பின்னால் எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. கன்ட்ரோலர் போனில் கத்துவது பெஞ்ச் வரை கேட்டது.

"லைன் காலியாத்தான் இருக்கு, நான் சொல்றேன்ல? கூட்ஸை எடுத்து விடுங்க."

"நம்பர் வரட்டும் சார்."

இதையே ஐந்தாறு தடவை சொன்னார். குரல் உயரவில்லை, தாழவும் இல்லை. இருபது நிமிடம் கழித்து நம்பர் வந்தது, கூட்ஸ் போனது. எக்ஸ்பிரஸ் தாமதமானதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அப்பா ஒன்றரை வரியில் பதில் எழுதினார். அதோடு அது முடிந்தது.

கன்ட்ரோலர் அப்பாவுக்கு மேலே. லைன் கிளியர் விதி கன்ட்ரோலருக்கும் மேலே. கோவைக்காரரே, உங்கள் ஏற்பாட்டில் இல்லாதது இந்த இரண்டாவதுதான். உத்தரவு மேலிருந்து கீழே மட்டும் பாயும். விதி அப்படியில்லை, சொல்பவரையும் கட்டும், கேட்பவரையும் கட்டும். கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் எடுத்துக் காட்டக்கூடிய ஒரே காகிதம் அதுதான்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே பார்த்தேன். மாணவர்கள் ஐந்து ஏஜென்டுகளை அடுக்கி, ஆய்வகத்துக்குச் சாமான் வாங்குவது போல ஒரு பாவனை ஏற்பாடு செய்தார்கள். நிஜப் பணம் இல்லை, நல்லவேளை. 'ஓர் ஆர்டர் ஐயாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது' என்பது வாங்கும் ஏஜென்டுக்கு இட்ட கட்டளை. மேலாளர் ஏஜென்ட் 'இன்று மாலைக்குள் எல்லாம் வாங்கி முடி' என்றது. பதினெட்டாயிரம் ரூபாய் சாமானை வாங்கும் ஏஜென்ட் நாலாயிரத்து ஐந்நூறாக நாலு ஆர்டராக உடைத்து, ஒரே கடையில், பத்து நிமிடத்தில் வாங்கி முடித்துவிட்டது. எந்த அலுவலகத்தில் பயிற்சி எடுத்ததோ தெரியவில்லை! மேலாளர் ஏஜென்டின் அறிக்கையில் 'வேலை முடிந்தது, விதிமீறல் இல்லை' என்று இருந்தது. அதுவும் பொய் இல்லை. வரம்பை ஓர் ஆர்டருக்கு என்று எழுதியது எங்கள் தவறு. ஒரு கடைக்கு, ஒரு நாளைக்கு என்று எழுதியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தவறு, அந்த வரம்பை மேலாளர் ஏஜென்டிடம் சொல்லாதது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மாலை என்ற கெடு மட்டும்தான்.

உங்கள் கடைக்கு வருவோம். தள்ளுபடி கொடுக்கும் ஏஜென்ட் இத்தனை சதவீதத்துக்கு மேல் போக வேண்டுமானால் கடையில் இருக்கும் ஒரு மனிதரின் ஒப்புதல் வேண்டும் என்று எழுதுங்கள். அதோடு, 'மேலாளர் ஏஜென்ட் சொன்னாலும்' என்ற மூன்று சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். அந்த மூன்று சொல் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் அலங்காரம்.

கேள்வி: விதிகளைச் செயல்படுத்த ரெஜிமென்டேஷன், என்ஃபோர்ஸ்மென்ட் என்று இரண்டு வழி இருப்பதாக எங்கள் பாடத்தில் நாலு வரி வருகிறது. எதை எப்போது பயன்படுத்துவது என்று இல்லை. சொல்வீர்களா? (எம்.ஈ. மாணவி, திருச்சி)

முதலாவது, மீறவே முடியாதபடி கட்டிவிடுவது. இரண்டாவது, மீற விட்டுக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்பது. பந்துப் பெட்டி முதல் வகை. இரண்டாவது வகைக்கும் ரயில்வேயிலேயே உதாரணம் உண்டு. வழியில் ஒரு பாலத்தில் வேலை நடக்கிறது என்றால் டிரைவருக்கு 'காஷன் ஆர்டர்' என்று ஒரு தாள் கொடுப்பார்கள்: இந்தக் கிலோமீட்டரிலிருந்து இந்தக் கிலோமீட்டர் வரை இத்தனை வேகத்துக்கு மேல் போகாதே. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகும் அவர் வேகமாகப் போனால் அந்தத் தாள் எழுந்து வந்து பிரேக் போடாது. இன்ஜினில் பதிவாகும் வேகத்தைப் பின்னால் பார்த்துத்தான் பிடிப்பார்கள். இப்போது வரும் கவச் கருவி வேகம் மிஞ்சினால் தானே பிரேக் போடுகிறது. அதாவது, இரண்டாம் வகையில் இருந்த ஒரு பகுதியை முதல் வகைக்கு மாற்றுகிறார்கள்.

மென்பொருள் உலகில் முதல் வகைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் மீன் ஏலம். ஸ்பெயினில் கட்டலோனியா மாநிலக் கடற்கரையில் பிளானஸ் என்று ஓர் ஊர். அங்கே மீன் ஏலத்தில் விலை ஏறாது, இறங்கும். ஏலக்காரர் அதிக விலையில் ஆரம்பித்து இறக்கிக்கொண்டே வர, முதலில் நிறுத்துபவருக்கு மீன். 1990களில் பார்சிலோனா பக்கத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வு நிலையத்தில் இந்தச் சந்தையை அப்படியே ஏஜென்டுகளுக்காகக் கட்டினார்கள். 'மின்னணு நிறுவனம்' என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்தது. உள்ளே வரும் ஒவ்வொரு ஏஜென்டோடும் ஒரு காவலாள் மென்பொருளை ஒட்டிவிடுவார்கள். ஏஜென்ட் என்ன பேசினாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கட்டத்தில் பேசக் கூடாததைப் பேசினால் அது வெளியே போகவே போகாது. உள்ளே இருக்கும் ஏஜென்டை யார் எழுதினார்கள், நல்லதா கெட்டதா என்ற கவலையே இல்லை. கருத்தளவில் எங்கள் அப்பாவின் பந்துதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டிவிடலாமே என்று தோன்றும். நானும் இளம் வயதில் அப்படித்தான் நினைத்தேன். பூட்டுக்கு இரண்டு தொல்லை. ஒன்று, இயந்திரம் முன்கூட்டியே சரிபார்க்கக்கூடியதைத்தான் பூட்ட முடியும். 'பந்து வெளியே இருக்கிறதா' என்பதைப் பார்க்கலாம். 'வாடிக்கையாளரை ஏமாற்றாதே' என்பதை எந்தப் பெட்டியில் பூட்டுவீர்கள்? இரண்டு, பூட்டே கெட்டுப்போகும். பெட்டி வேலை செய்யாத அந்த மழை இரவில் தாள் டிக்கெட் முறை இல்லாவிட்டால் ரயில்வே நின்றே போயிருக்கும்.

நீங்கள் பரீட்சையில் எழுத வேண்டிய நுட்பம் இங்கேதான் இருக்கிறது. பூட்டை மீறுவதற்கும் ஒரு விதி வேண்டும். தானியங்கி சிக்னல் உள்ள பாதையில் சிவப்பு விழுந்தால் டிரைவர் நிற்க வேண்டும். பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம். அதன் பிறகும் மாறாவிட்டால் சிவப்பைத் தாண்டலாம். ஆனால் 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, எதிரே என்ன இருந்தாலும் நிறுத்தத் தயாராகப் போக வேண்டும். கட்டாயம், அனுமதி, தடை மூன்றும் அந்த ஒரு விதியில் இருப்பதைப் பாருங்கள். இந்த மூன்றையும் தர்க்கக் குறியீடாக எழுத 1951இல் வழி போட்டவர் பின்லாந்துத் தத்துவவாதி வான் ரைட். ஏஜென்ட் ஆய்வுக்காரர்கள் இன்றுவரை அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

என் சொந்த அளவுகோல் இது: நடந்தபின் திருப்ப முடியாததைப் பூட்டுங்கள். பணம் கைமாறுவது, கோப்பை அழிப்பது, வெளியாளுக்குக் கடிதம் போவது எல்லாம் இதில் சேரும். மற்றதைத் திறந்து வைத்துப் பதிவேடு வையுங்கள்.

இன்னொன்று. ஏஜென்டுகளின் அடுக்கை எப்படி எழுதி வைப்பது என்பதற்கு 2002இல் ஹியூப்னர், சிச்மான், பாய்சியே என்ற ஆய்வாளர்கள் மூவரும் கொடுத்த 'மோய்ஸ் பிளஸ்' மாதிரியையும் படியுங்கள். அதில் விதி ஏஜென்டின் மேல் எழுதப்படுவதில்லை, அது வகிக்கும் பதவியின் மேல் எழுதப்படுகிறது. அப்பா லீவில் போனால் வேறு ஸ்டேஷன் மாஸ்டர் வருவார். லைன் கிளியர் விதி லீவில் போகாது.

கேள்வி: ஒரு ஏஜென்டுக்கு இரண்டு பக்கமிருந்தும் எதிரெதிரான கட்டளை வந்தால் அது எதைக் கேட்கும்? (வங்கி ஊழியர், சென்னை)

நீங்கள் முன்கூட்டி எழுதி வைத்ததைக் கேட்கும். எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைக் கேட்கும். இரண்டாவது எவ்வளவு கொடுமை என்பதற்கு ஒரு நிஜச் சம்பவம்.

2002 ஜூலை 1, இரவு. தெற்கு ஜெர்மனியில் யூபர்லிங்கன் என்ற ஏரிக்கரை ஊருக்கு மேலே, 36,000 அடி உயரத்தில் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று நோக்கி வந்தன. மாஸ்கோவிலிருந்து பார்சிலோனா போகும் ரஷ்ய டுபோலெவ் ஒன்று. அதில் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். இன்னொன்று போயிங் சரக்கு விமானம். அந்த வானத்தை ஜூரிச் கட்டுப்பாட்டு நிலையம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் இருக்கையில் இருந்த ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு திரைகளையும் தனியாளாகக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆபத்தைத் தாமதமாகப் பார்த்து, டுபோலெவைக் கீழே இறங்கச் சொன்னார். அதே நேரத்தில் இரண்டு விமானங்களிலும் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு டுபோலெவை மேலே ஏறச் சொன்னது ஒன்று, போயிங்கைக் கீழே இறங்கச் சொன்னது மற்றொன்று. போயிங் விமானி கருவியைக் கேட்டார். டுபோலெவ் விமானி மனிதரைக் கேட்டார். இரண்டும் இறங்கின. 71 பேர் இறந்தார்கள்.

யாரும் தன்னிஷ்டத்துக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு விமானிகளும் ஆளுக்கொரு கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார்கள். ஜெர்மன் விசாரணை அறிக்கையின் கடுமையான வரிகளில் ஒன்று, அந்தக் கருவி குறித்த சர்வதேச விதிகள் ஒரே மாதிரியாக இல்லை, முழுமையாக இல்லை, சில இடங்களில் ஒன்றுக்கொன்று முரண்பட்டன என்பது. இதே குழப்பத்தில் 2001 ஜனவரியில் ஜப்பானில் இரண்டு விமானங்கள் மயிரிழையில் தப்பியிருந்தன. அதற்கும் முன்னால், 1996 நவம்பரில் ஹரியானாவின் சர்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்த பிறகுதான் இந்தியா இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. கருவியைக் கட்டாயமாக்குவது ஒரு வேலை. அதன் சொல்லுக்கு எந்த இடம் என்று தீர்மானிப்பது வேறு வேலை. பல நிறுவனங்கள் முதல் வேலையோடு நின்றுவிடும்.

யூபர்லிங்கனுக்குப் பிறகு விதி தெளிவானது: கருவி ஒரு திசை சொல்லிவிட்டால் கட்டுப்பாட்டாளர் வேறு சொன்னாலும் கருவி சொன்னதையே செய். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இதன் மறுபாதி. கருவியைப் பின்பற்றும் விமானி 'டிகாஸ் ஆர்ஏ', அதாவது மோதல் தவிர்ப்புக் கருவி திசை சொல்லிவிட்டது, என்று கட்டுப்பாட்டாளரிடம் உடனே சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்துக்குத் திசை சொல்வதை நிறுத்திவிட வேண்டும். அன்று இரவு ஜூரிச்சில் இருந்தவருக்குக் கருவி பேசியதே தெரியாது. அவர் திரையில் அது தெரியும் வசதி இல்லை. உங்கள் வங்கியில் கீழே உள்ள ஏஜென்ட் ஒரு கட்டளையை மறுக்கும் உரிமை பெற்றிருந்தால், மறுத்ததை மேலே சொல்லும் கடமையும் அதே வரியில் இருக்கட்டும். சத்தமில்லாமல் மறுக்கும் ஏஜென்ட், சத்தமில்லாமல் கீழ்ப்படியும் ஏஜென்டைவிட ஆபத்து.

சட்டக்காரர்கள் மூன்று பழைய வழி வைத்திருக்கிறார்கள்: மேலிடத்து விதி கீழிடத்து விதியை வெல்லும், பிந்தியது முந்தியதை வெல்லும், குறிப்பானது பொதுவானதை வெல்லும். ஏஜென்ட் ஆய்வுகளிலும் இவைதான் புழங்குகின்றன. இவை மூன்றுமே தங்களுக்குள் அடித்துக்கொள்ளும் என்பதுதான் வேடிக்கை. விமானத்தில் இப்போது மூன்றாவது ஜெயிக்கிறது. உங்கள் கடன் பிரிவில் எது ஜெயிக்க வேண்டும் என்பதை மென்பொருள்காரரிடம் விடாதீர்கள். அது உங்கள் மேலாளர் கையெழுத்துப் போட வேண்டிய விஷயம்.

கேள்வி: விதியை மீறிய மென்பொருளுக்கு என்ன தண்டனை கொடுப்பீர்கள்? பெஞ்ச் மேல் நிற்க வைப்பீர்களா? (ஓய்வு பெற்ற ஆசிரியை, மதுரை)

நிற்க வைக்கலாம் டீச்சர், கால் வலிக்காது என்பதுதான் பிரச்சினை. ஆனால் அதிகாரத்தைக் குறைக்கலாம். நேற்று வரை பத்தாயிரம் வரை தானே செலவு செய்த ஏஜென்ட் இனி ஆயிரத்துக்கு மேல் போனால் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மறுபடி மீறினால் ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும். அப்புறம் வேலையிலிருந்தே நீக்கம். இந்தப் படிப்படியான முறை புதிதல்ல. குளம், காடு, மேய்ச்சல் நிலம் போன்ற பொதுச் சொத்துகளை ஊர்க்காரர்களே எப்படிக் கெடாமல் காத்தார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் வாங்கிய எலினார் ஆஸ்ட்ரம், நீண்ட காலம் தாக்குப்பிடித்த ஏற்பாடுகளில் பொதுவாக இருந்தவற்றை 1990இல் பட்டியலிட்டார். அதில் ஒன்று இது: முதல் தவறுக்குச் சின்ன தண்டனை, தொடர்ந்தால் பெரிசு. பிற்பாடு அவர் பட்டியலை எடுத்து ஏஜென்டுகளுக்கு விதியாக எழுதிப் பார்த்தவர்களும் உண்டு.

அடுக்கு உள்ள இடத்தில் இன்னொரு தண்டனையும் வேண்டும். தவறைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்த மேலாளருக்கு. அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்ஸல்ராட் 1986இல் கணினியில் ஒரு விளையாட்டு வைத்துக் காட்டினார். தவறு செய்தவரை மட்டும் தண்டித்தால், தண்டிப்பதும் நஷ்டம் என்பதால் நாளடைவில் தண்டிப்பவர்கள் குறைந்துபோய் விதியே சரிகிறது. தண்டிக்காமல் விட்டவரையும் தண்டித்தால் விதி நிற்கிறது. அப்பா காலத்தில் டிராபிக் இன்ஸ்பெக்டர் ராத்திரி இரண்டு மணிக்குக் கூட்ஸ் வண்டியின் கார்டு பெட்டியில் ஏறி, சொல்லாமல் வந்து இறங்குவார். பாயின்ட்ஸ்மேன் தூங்கினால் திட்டு பாயின்ட்ஸ்மேனுக்கு மட்டுமல்ல, அப்பாவுக்கும்தான். அப்பா தூங்கினாரா என்று கேட்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஏஜென்டுகளுக்கு எழுதிய விதிகள் நூற்று எண்பதைத் தாண்டிவிட்டன. எண்ணிக்கை கூடக் கூட அவை ஒழுங்காகக் கேட்பதில்லை. என்ன செய்யலாம்? (மென்பொருள் ஊழியர், பெங்களூரு)

பாதியைக் கிழித்துப் போடலாம். கேலியாகச் சொல்லவில்லை.

2024 ஜூன் 17 காலை, மேற்கு வங்கத்தில் ரங்கபாணி பக்கத்தில் நின்றுகொண்டிருந்த காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது பின்னால் வந்த சரக்கு ரயில் மோதியது நினைவிருக்கும். அன்று விடிந்ததிலிருந்து அங்கே தானியங்கி சிக்னல்கள் பழுது. பழுதான சிக்னல்களைத் தாண்டிப் போக டிரைவர்களுக்கு அனுமதித் தாள் கொடுத்தார்கள். பாதுகாப்பு ஆணையரின் விசாரணை அந்தத் தாளையே குறை சொன்னது. எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதே அதில் இல்லை. சிக்னல் கெட்டதிலிருந்து விபத்து வரை ஏழு வண்டிகள் அந்தப் பகுதிக்குள் நுழைந்தன. ஒரே மாதிரித் தாள்தான், ஆனால் வண்டிக்கு வண்டி வேகம் வேறு. நின்று, மெதுவாகப் போனது எக்ஸ்பிரஸ். அடி வாங்கியதும் அதுதான்.

நிற்க வேண்டும், மெதுவாகப் போக வேண்டும் என்பதெல்லாம் தடிமனான விதிப் புத்தகத்தில் எங்கோ இருக்கிறது. கையில் இருந்த தாளில் இல்லை. உங்கள் நூற்று எண்பதும் இப்படித்தான் எங்கோ இருக்கின்றன.

ரயில்வேயின் பழைய ஏற்பாட்டில் ஒரு நல்ல அம்சம் உண்டு. நாடு முழுக்கப் பொது விதிகள். அதன் கீழே ஒவ்வொரு மண்டலத்துக்கும் துணை விதிகள். அதன் கீழே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அந்த ஸ்டேஷனின் வேலை விதிகள்: இந்த யார்டில் இத்தனை லைன், இந்த லெவல் கிராசிங் கேட்டுக்கு இப்படிச் சொல்ல வேண்டும் என்கிற அளவுக்கு. கீழே உள்ளது மேலே உள்ளதற்கு விவரம் சேர்க்கலாம், எதிராகப் போகக் கூடாது. புதிதாக வரும் ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் அந்த ஸ்டேஷன் விதிகளைப் படித்து, 'படித்தேன், புரிந்தது' என்று உறுதிமொழிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டியூட்டி ஏற்பார்.

நீங்களும் அப்படிப் பிரியுங்கள். எல்லா ஏஜென்டுக்கும் பொதுவானவை விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். மீதியைப் பதவி வாரியாகப் பிரித்து, பில் போடும் ஏஜென்டுக்கு பில் விதி மட்டும் கொடுங்கள். விதிவிலக்கு அனுமதி எதையாவது மேலாளர் ஏஜென்ட் கீழே அனுப்பினால், அந்த அனுமதியோடு சேர்ந்த நிபந்தனையும் அதே செய்தியில் போக வேண்டும். 'மற்றவை புத்தகத்தில் காண்க' என்பது கூடாது. கையெழுத்துக்குப் பதிலாக, வேலை கொடுக்கும் முன் பத்து எடக்குமடக்கான சோதனை வேலைகளைக் கொடுத்துப் பாருங்கள். அதில் தேறினால் டியூட்டி.

கேள்வி: உங்கள் பதில்களை அப்பா படிப்பதுண்டா? என்ன சொல்வார்? (நாகர்கோவில் வாசகி)

அச்சுக்குப் போகும் முன்பே படித்துவிடுவார். இந்த முறையும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை படித்தார். யூபர்லிங்கன் பகுதியில் கொஞ்ச நேரம் நின்றார். "ராத்திரி டியூட்டியில ஒத்தை ஆளா விட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு முதல் பதிலுக்குத் திரும்பி, பேனாவால் ஒரு வரியைச் சுழித்தார்.

"பந்து கைக்கு வராம டிரைவர் எடுக்க மாட்டார்னு எழுதியிருக்க. வந்தாலும் எடுக்க மாட்டார். எந்த ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல உள்ள பந்துன்னு அதுல வெட்டியிருக்கும். அதைப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் எடுப்பார். நான் கொடுத்தா சரியாத்தான் இருக்கும்னு அவர் நம்பக் கூடாது. அதை ஏன் எழுதல?"

கோவை வாசகர் இதையும் சேர்த்துக்கொள்ளவும். மேலாளர் ஏஜென்டிடமிருந்து அனுமதி வந்தால், அது இந்த வேலைக்கான அனுமதிதானா, இந்த வாடிக்கையாளருக்கானதுதானா என்று கீழே உள்ள ஏஜென்ட் தானும் ஒருமுறை பார்க்க வேண்டும்.